உன் பக்கத்தில் உட்காருகிறவன் யார்?

 

இந்த மாதம் பரலோக இரகசியம் எதையும் எழுதப் போகிறதில்லை. ஒன்பதாம் வகுப்பு பெஞ்சைப் பற்றி எழுதப் போகிறேன். பெரியவர்கள், "இது பசங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கடைசியில் உங்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், ஜெபம் முடிந்தபின் ஒரு தாயார் மகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். "பாஸ்டர் ஐயா, பாப்பா சரியா சாப்பிடறதில்ல. ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு அழுவுறா. ஆவிக்குரிய போராட்டமான்னு பாத்து ஜெபிங்க" என்றார்கள். எட்டாவது வரை ஊரிலேயே நடுநிலைப் பள்ளியில் படித்த பிள்ளை. ஒன்பதாவதுக்கு பஸ் ஏறி வேறு பள்ளிக்கூடம். நான் ஜெபிக்கும் முன்னே ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "அம்மா, மத்தியானம் யார்கூட உக்காந்து சாப்பிடற?"

பிள்ளை பதில் சொல்லவில்லை. அழுதது.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. முதல் வாரம் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வாரம் நாலு பிள்ளைகள், "நீ எங்க கேங்க்" என்று சேர்த்துக்கொண்டார்கள். சந்தோஷத்தில் இவள் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினாள். மறுநாள் அது ஸ்கிரீன்ஷாட்டாக வகுப்பு முழுவதும் சுற்றியது. அந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

இது பிசாசின் போராட்டமா? நான் அந்தத் தாயாரிடம் சொன்னேன்: "அம்மா, இது பசி. தோழமைக்கான பசி. பசிச்ச பிள்ளை கையில கெடைச்சத வாயில போட்டுக்கிச்சு. அவ்வளவுதான்."

தனிமை பாவமா?

நம்முடைய கூட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பிள்ளை "எனக்கு யாருமே இல்ல" என்று சொன்னால், உடனே "ஏன் இல்ல? ஆண்டவர் இருக்கார் இல்ல?" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். சொல்வது சத்தியம்தான். ஆனால் சொல்லுகிற விதத்தில் அந்தப் பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறோம். "எனக்கு விசுவாசம் பத்தல போல" என்று அது இன்னும் ஒரு படி உள்ளே ஒடுங்கிப் போகிறது.

ஆதியாகமத்தை எடுத்துப் பாருங்கள். பாவம் உலகத்துக்குள் வருவதற்கு முன்னே, தோட்டமும் இருந்தது, கனியும் இருந்தது, தேவசமுகமும் இருந்தது. அப்படியிருந்தும் ஆதாம் ஒண்டியாக இருப்பதை தேவன் நல்லதாகக் காணவில்லை. அப்படியானால் துணைக்கு ஏங்குகிற ஏக்கம் விசுவாசக் குறைவு அல்ல. நம்மைப் படைத்தவரே அதை உள்ளே வைத்தார். கெத்செமனேயில் நம் ஆண்டவர் மூன்று சீஷரைக் கூட அழைத்துக்கொண்டு போனார், தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். பிதாவோடு பேசப் போனவருக்கே பக்கத்தில் மூன்று பேர் வேண்டியதாயிருந்தது! பதினாலு வயசுப் பிள்ளைக்கு வேண்டாமா?

ஆண்டவர் தனித்து மலைக்கு ஏறிப்போய் ஜெபித்ததும் உண்டு. அது தாமே தெரிந்துகொண்ட தனிமை, பலன் தருகிறது. மற்றவர்கள் ஒதுக்குவதால் வருகிற தனிமை வேறு. அது ஆளைத் தின்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் 30 அன்று ஒரு அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் 6 பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். 13 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 17 முதல் 21 பேர் தங்களைத் தனிமையாக உணருகிறார்கள். அதிலும் பதின்வயதுப் பிள்ளைகளிடம்தான் அதிகம். பெரியவர்கள் நினைக்கிறோம், தனிமை என்றால் கிழவர்களுக்கு, விதவைகளுக்கு என்று. இல்லை, பிரியமானவர்களே! யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, முதுகில் பை மாட்டிக்கொண்டு, தவளக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் கடலூர் ரோட்டைப் பார்த்து நிற்கிறதே, அந்தக் கூட்டத்துக்குள்ளேதான் அது அதிகமாக இருக்கிறது.

என் கதை

இனி எழுதப்போவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். ஊழியக்காரன் தன் பாவத்தை மறைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னால் அதில் பிரயோஜனம் இல்லை.

1994-ஆம் வருஷம். நானும் அப்படித்தான் கிராமத்துப் பள்ளியில் எட்டாவது முடித்து, ஒன்பதாவதுக்கு ஒரு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். ஊரிலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான். இன்டர்வெல்லில் எங்கே நிற்பது என்று தெரியாமல், தாகமே இல்லாமல் மூன்று தடவை தண்ணீர்க் குழாய்க்குப் போவேன். சும்மா நின்றால் 'இவனுக்கு யாரும் இல்லை' என்று தெரிந்துவிடுமே!

என்னைப்போலவே கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். மீனவர் வீட்டுப் பிள்ளை. நாலாம் நாள், வேப்பமரத்தடியில் ஒண்டியாக உட்கார்ந்திருந்த என்னிடம் அவனாகவே வந்து உட்கார்ந்தான். எவர்சில்வர் தூக்கைத் திறந்து, "மீன் துன்னுவியா?" என்று கேட்டான். வறுத்த சங்கரா மீன். பாதியைப் பிய்த்து என் சோற்றில் வைத்தான். அப்படி இரண்டு வாரம் சாப்பிட்டோம். என் வீட்டில் மீன் எடுப்பது மாசத்துக்கு ஒரு தடவை. நான் ருசித்துச் சாப்பிட்டேன்.

மூன்றாவது வாரம் கடைசி பெஞ்சுப் பையன்கள் மூன்று பேர் என்னைக் கூப்பிட்டார்கள். அவர்கள்தான் வகுப்பில் பெரிய ஆள்கள். சைக்கிள் வைத்திருந்தார்கள். "டேய், நீ நல்லா கிரிக்கெட் ஆடறியாமே, எங்க டீமுக்கு வா" என்றார்கள். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவர்களில் ஒருவன் சொன்னான்: "அந்த மீன்காரன்கூட ஒக்காராத. நாறுது. அவன் வந்தா மூக்கப் புடி."

மறுநாள் மத்தியானம் அவன் தூக்கோடு வந்தான். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் மூக்கைப் பிடித்தேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தூக்கை மூடி எடுத்துக்கொண்டு போய் மைதானத்து மூலையில் உட்கார்ந்தான். எந்த மீனை இரண்டு வாரம் ருசித்துச் சாப்பிட்டேனோ அந்த மீனுக்கு மூக்கைப் பிடித்தேன்! அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை.

அடுத்த வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்து 20 நாள் படுக்கையில் கிடந்தேன். அந்த மூன்று பேரில் ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை. மீன்காரப் பையனும் வரவில்லை. அவன் ஏன் வரவேண்டும்?

யோனதாபும் யோனத்தானும்

சாமுவேலின் புஸ்தகங்களில் பெயர் கொஞ்சம் ஒத்துப்போகிற இரண்டு சிநேகிதர் வருகிறார்கள். ஒருவன் யோனதாப், இன்னொருவன் யோனத்தான்.

யோனதாப் ராஜகுமாரனாகிய அம்னோனின் சிநேகிதன், மகா தந்திரசாலி (2 சாமு. 13). அம்னோன் நாளுக்கு நாள் மெலிந்துபோவதைக் கண்டு அக்கறையாய் விசாரிக்கிறவன் இவன்தான். இதைக் கவனியுங்கள் பிள்ளைகளே! கள்ளச் சிநேகிதன் அக்கறை இல்லாதவன்போல வருகிறதில்லை. முகம் வாடினால் முதலில் கேட்கிறவனாகவே வருவான். கேட்டுவிட்டு, தாமாரைக் கெடுக்க வழி சொல்லிக் கொடுத்தான். முடிவு என்ன? தாமாரின் வாழ்க்கை பாழானது. இரண்டு வருஷத்துக்குப்பின் அம்னோன் அப்சலோமின் ஆட்களால் வெட்டுண்டு செத்தான். அப்போது யோனதாப் எங்கே இருந்தான்? ராஜாவின் பக்கத்தில் சுகமாக நின்றுகொண்டு, அம்னோன் ஒருவன்தான் செத்தான் என்று விவரம் சொல்லிக்கொண்டிருந்தான்! அவனுக்கு ஒரு கீறலும் இல்லை.

யோனத்தானைப் பாருங்கள். தாவீதுக்குத் தன் சால்வையைக் கொடுத்தான், பட்டயத்தைக் கொடுத்தான், வில்லையும் கச்சையையும் கொடுத்தான் (1 சாமு. 18). சொந்தத் தகப்பன் தாவீதைக் கொல்லத் தேடுகிறான் என்று அறிந்து, அம்பு எய்து எச்சரித்து அனுப்பினான் (1 சாமு. 20). தாவீது பிழைத்தால் தனக்கு ராஜ்யம் இல்லை என்று தெரிந்தும் இதைச் செய்தான்.

இரண்டு பேருக்கும் வித்தியாசம் இதுதான்: யோனதாபின் நட்பினால் நஷ்டம் மற்றவருக்கு. யோனத்தானின் நட்பினால் நஷ்டம் யோனத்தானுக்கு. சிநேகிதன் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், உங்கள் நட்பின் செலவை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

எச்சரிப்பு என்றதும் நம்ம பக்கத்து நல்லவாடு ஞாபகத்துக்கு வருகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் பண்ணினார். ஊர் ஜனங்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய தகவல் மையத்தைத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். வீடுகள் போயின, ஊருக்குள் இருந்த உயிர்கள் தப்பின. பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறவன் எல்லாரும் சிநேகிதனும் அல்ல. கடல் கடந்து இருக்கிறவன் எல்லாரும் தூரத்தானும் அல்ல. ஆபத்தைக் கண்டால் சொல்லுகிறவன்தான் உனக்குக் கிட்டத்தில் இருக்கிறவன்.

யாருமே இல்லாததற்கு இது பரவாயில்லையா?

ஒரு வாலிபத் தம்பி என்னிடம் கேட்டான்: "பாஸ்டர், நீங்க சொல்றது சரி. ஆனா ஒண்டியா இருக்கறதுக்கு, கெட்ட ஃபிரண்டாவது இருந்தா பரவாயில்ல இல்லையா?"

இந்தக் கேள்வியை நான் அதட்டி அனுப்பமாட்டேன். அந்தப் பசியை அனுபவித்தவன் நான். ஆனால் என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்லுகிறேன். அந்த மூன்று பேரோடு சுற்றிய காலத்தில் என் தனிமை போய்விட்டதா? இல்லை, இரட்டிப்பானது. அவர்களுக்குப் பிடித்தவன் நான் அல்ல; மூக்கைப் பிடிக்கிற ஒருவன். உண்மையான என்னை அவர்களிடத்தில் காட்டினால் துரத்திவிடுவார்கள் என்று தினமும் பயந்தேன். வேப்பமரத்தடியில் ஒண்டியாக இருந்தபோது எனக்குத் துணைதான் இல்லை. கடைசி பெஞ்சில் நானே எனக்கு இல்லை. கள்ளச் சிநேகம் பசியைத் தீர்க்கிறதில்லை. உப்புத்தண்ணீர்போல, குடிக்கக் குடிக்க தாகம்தான் எடுக்கும்.

அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. கூட்டத்தில் ஒதுக்கப்படுவோமோ என்கிற பயம், இன்னொருவனை ஒதுக்க நம்மைத் துணியவைக்கிறது. 2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் நடந்ததை எல்லாரும் கேள்விப்பட்டோம். பிளஸ் டூ படித்த ஒரு மாணவனை, அதே பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டினார்கள். சாதி வெறி. அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களைக் கொண்டு தமிழக அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கலர் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார். அடிபட்ட அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து படித்து, 2024-இல் பிளஸ் டூவில் 600-க்கு 469 மார்க் வாங்கினான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

நான் யோசிக்கிறது அந்தக் கயிற்றைப் பற்றி. கயிறு கட்டும்போது ஒரு பையன் என்ன நினைக்கிறான்? 'எனக்கு ஆள் இருக்கு' என்று நினைக்கிறான். ஆனால் இன்னொருவனை வெறுத்தால்தான் நிலைக்கும் என்றால் அது சிநேகம் அல்ல, கூட்டம். என் ஒன்பதாம் வகுப்பில் கயிறு இல்லை, அரிவாள் இல்லை. மூக்கைப் பிடித்தோம். ஆனால் விதை ஒன்றுதான் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. 'மீன் நாத்தம்' என்று நாங்கள் சொன்னது மீனைப் பற்றி மட்டும் அல்லவே!

மூன்று கேள்விகள்

வாலிபப் பிள்ளைகளே, நட்பைச் சோதித்துப் பார்ப்பது தப்பு அல்ல. திருக்குறளில்கூட 79-ஆம் அதிகாரம் முதல் 83 வரை ஐந்து அதிகாரம் சிநேகத்தைப் பற்றியே இருக்கிறது. அதில் ஒன்று ஆராய்ந்து பார்க்கிறதற்கு, இரண்டு கெட்ட நட்புக்கு. இந்த மூன்று கேள்விகளை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. இவன் என்னை எதை மறைக்கச் சொல்கிறான்? அம்மாவிடம் சொல்லாதே, டீச்சரிடம் சொல்லாதே என்று எதற்குச் சொல்கிறான்?

2. இவனோடு இருப்பதற்கு நான் வேறு யாரையாவது கேலிபண்ண வேண்டியிருக்கிறதா?

3. இன்றைக்கு 'முடியாது' என்று சொன்னால், நாளைக்கும் என்னோடு பேசுவானா?

எழுதி முடித்தபின் நோட்டைத் திருப்பி வையுங்கள். அதே மூன்று கேள்விகளையும், 'நான் மற்றவனுக்கு எப்படிப்பட்ட சிநேகிதன்?' என்று உங்களிடமே கேளுங்கள். கள்ளச் சிநேகிதன் எப்போதும் எதிர் பெஞ்சிலேதான் இருக்கிறான் என்று நினைக்காதீர்கள். நான் முப்பது வருஷத்துக்கு முன்னே அவனைக் கண்ணாடியில்தான் பார்த்தேன்.

மறுபடியும் அவனைப் பார்த்தேன்

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ முடித்து வந்திருந்த சமயம். 2005 ஜனவரியில், சுனாமியில் பாதித்த ஒரு கடற்கரைக் கிராமத்துக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் எடுத்துக்கொண்டு போனோம். வரிசையில் அவன் நின்றான். என்னை அவன்தான் முதலில் கண்டுபிடித்தான். பொட்டலம் கொடுத்து முடித்தபின் அவனைத் தேடிப் போய், மணலில் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு நான் மூக்கப் புடிச்சேன். என்ன மன்னிச்சிடு" என்றேன்.

அவன் கொஞ்சநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்: "நான் படிப்ப விட்டது உன்னால இல்ல. அப்பாவுக்கு ஒடம்பு முடியல, போட்டுக்கு ஆள் இல்ல. அத நீ மனசுல வெக்காத. ஆனா ஒண்ணு. அன்னைக்கு சிரிச்சவங்க மூஞ்சி ஒண்ணும் எனக்கு ஞாபகம் இல்ல. உன் மூஞ்சி மட்டும் இருக்கு. என் தூக்குல கை வெச்சவன் நீ ஒருத்தன்தானே."

பிரியமானவர்களே, ஆண்டவரோடேகூடத் தாலத்தில் கையிட்டவனைப் பற்றி நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்குப் புரிந்தது. பகைஞனால் நம்மைக் காட்டிக்கொடுக்க முடியாது. நம்பிக்கை வைத்தவனால் மட்டும்தான் அது முடியும். ஆகையால் ஒருவனுக்குச் சிநேகிதனாவது விளையாட்டு அல்ல.

அவன் தன் பொட்டலத்தைப் பிரித்தான். "சாப்பிட்டியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். பாதியை என் பக்கம் தள்ளினான். நான் கொண்டுபோய்க் கொடுத்த சோறு! இரண்டு பேரும் சாப்பிட்டோம். மன்னிப்பு என்கிற வார்த்தையை அவன் சொல்லவே இல்லை.

சபையாருக்கு ஒரு கேள்வி

யோபுவின் மூன்று சிநேகிதர் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர்! வாயைத் திறந்து உபதேசம் பண்ண ஆரம்பித்தபின்தான் கெட்டது. எலியா சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று படுத்திருந்தபோது, தூதன் முதலில் அடையும் தண்ணீரும் கொடுத்தான். கேள்வியும் கட்டளையும் அதற்குப் பிறகுதான் வந்தது.

பெற்றோரே, பள்ளி திறந்த முதல் மாதத்தில் "டெஸ்டுல எத்தனை மார்க்?" என்று கேட்பதற்கு முன்னே, "இன்னைக்கு யார்கூட சாப்பிட்ட?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும்போது நடுவில் பேசாதீர்கள். போனைப் பிடுங்கி வைப்பதால் மட்டும் காரியம் முடியாது. பிடுங்கிய இடத்தில் உங்கள் நேரத்தைக் கொடுக்க வேண்டும். பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், 'செத்துப் போகலாம்' என்று பேசினால், ஜெபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அது அவிசுவாசம் அல்ல. குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 என்கிற இலவச எண்கள் உண்டு.

நம் சபையிலும் வாலிபர் கூட்டத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளை எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். வாசல் பக்கம், சுவரோரம். பாட்டுப் பாடத் தெரிந்தவர்கள் முன்னால் ஒரு கூட்டம், இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் ஒரு கூட்டம், ஒரே தெருக்காரர்கள் ஒரு கூட்டம். நாமும் மூக்கைப் பிடிக்காமலே மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமா?

அந்தப் பிள்ளையின் காரியத்தையும் சொல்லி முடிக்கிறேன். நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. அதே பள்ளியில் பத்தாவது படிக்கிற நம் சபைப் பிள்ளை ஒருத்தியிடம், "மத்தியானம் அவகூட போய் உக்காரும்மா. புத்தி ஒண்ணும் சொல்லாத, சாப்பிடு, போதும்" என்றேன். போன ஞாயிறு இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாலு பேர் இன்னும் சிரிக்கிறார்களாம். ஆனால் இவள் பள்ளிக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள்.

பிள்ளைகளே, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சுற்றிப் பாருங்கள். தாகமில்லாமல் தண்ணீர்க் குழாய்க்குப் போகிற ஒருவன் இருப்பான். உங்கள் தூக்கை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். யாராவது மூக்கைப் பிடிக்கச் சொன்னால், பிடிக்காதீர்கள்.

தனித்திருக்கிறவர்களைக் காண்கிற தேவன் நம் பிள்ளைகளுக்கு நல்ல சிநேகிதரைத் தந்து, நம்மையும் நல்ல சிநேகிதராக்குவாராக. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்,
தவளக்குப்பம்